கண்ட்ரோல் ரூமில் வைரஸ் புகுந்தால் ஆலை வெடிக்குமா?

கேள்வி: கெமிக்கல் ஆலையில் ஷிப்ட் இன்சார்ஜாக இருக்கிறேன். கண்ட்ரோல் ரூம் கணினியை ஹேக் செய்தால் உற்பத்தி நிற்கும், அவ்வளவுதானே? ஊரையே பாதிக்கும் விபத்து வரை போகுமா?

பதில்: போகும். ஆனால் கணினியைப் பிடித்தால் மட்டும் போதாது, அதன் பேச்சைக் கேட்காத பாதுகாப்புகளையும் முடக்கியாக வேண்டும். உங்கள் ஆலையில் அப்படி எவை இருக்கின்றன என்று பாருங்கள்.

2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் ஹேக்கர்கள் கணினிகளைப் பிடித்ததால், மின் விநியோக ஊழியர்களின் கண் முன்னாலேயே மவுஸ் தானாக நகர்ந்து, மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர்களைத் திறந்தது. சுமார் 2,25,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. சில மணி நேரத்தில் திரும்ப வந்ததற்குக் காரணம், துணை மின் நிலையங்களுக்கு ஆட்கள் ஓடிப்போய் பிரேக்கர்களைக் கையாலேயே போட்டதுதான்.

உங்கள் வேலைக்கு நெருக்கமானது 2017இல் சவுதி அரேபியாவில் நடந்தது. ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில், அழுத்தமோ வெப்பமோ எல்லை மீறினால் ஆலையைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு கன்ட்ரோலருக்குள்ளேயே ட்ரைட்டன் என்ற தீய நிரலை ஹேக்கர்கள் புகுத்தினார்கள். கந்தகத்தைப் பிரித்தெடுக்கும் பிரிவுக்கும் பர்னர்களுக்கும் காவலாக இருந்தவை இந்த கன்ட்ரோலர்கள்தான். செயலிழந்தால் வெடிப்பு, விஷவாயு இரண்டுக்குமே வழி உண்டு. நிரலில் இருந்த பிழையால் கன்ட்ரோலர் கோளாறை உணர்ந்து ஆலையை நிறுத்திவிட்டது. அதனால்தான் விஷயமே வெளியே தெரிந்தது.

அந்த கன்ட்ரோலரின் முகப்பில் ஒரு சாவி இருக்கிறது. அதை 'ரன்' நிலையில் வைத்தால் வெளியிலிருந்து நிரலை மாற்ற முடியாது. அங்கே 'புரோகிராம்' நிலையிலேயே விட்டிருந்தார்கள். எனக்கு இன்றும் மனது பொறுக்காத இடம் இது. உங்கள் ஆலையிலும் சாவி வைத்த பாதுகாப்பு கன்ட்ரோலர் இருந்தால் இன்றைய ஷிப்டிலேயே போய்ப் பாருங்கள். நிரலை மாற்றும் வேலை முடிந்ததும் 'ரன்'னில் வைத்து, சாவியை உருவி, பதிவேட்டில் எழுதிப் பூட்டி வையுங்கள்.

அப்புறம், திரையை மட்டும் நம்பாதீர்கள். ஈரானின் நடான்ஸில் உள்ள யுரேனியம் செறிவூட்டும் ஆலையில் ஸ்டக்ஸ்நெட் என்ற தீய நிரல், வேகமாகச் சுழலும் மையவிலக்கு இயந்திரங்களின் வேகத்தைக் குலைத்தபோது, முன்பே பதிந்துவைத்த இயல்பான அளவீடுகளைத்தான் திரையில் காட்டியது. ஒவ்வொரு ரவுண்டிலும் வெசலில் இருக்கும் முள் கேஜைப் படித்துத் திரையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அழுத்தம் மீறினால் தானாகத் திறக்கும், ஸ்பிரிங் வைத்த சேஃப்டி வால்வை எந்த ஹேக்கராலும் வெளியிலிருந்து தொட முடியாது. அதைக் கடைசியாகச் சோதித்த தேதி என்ன என்று மெயின்டனன்ஸ் பிரிவிடம் கேளுங்கள். தேதி தாண்டியிருந்தால் எழுத்திலேயே புகார் கொடுங்கள்.