மூணாறு போகச் சங்கிலியை அடகு வைக்கலாமா?

கேள்வி: எங்களுக்குக் காரைக்குடி. நான் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன், மனைவி தையல் வேலை செய்கிறார். இருவருக்கும் சேர்த்து மாதம் 46,000 ரூபாய் வருகிறது. வரும் மே மாதம் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகளோடு ஏழு நாள் காரில் கிளம்பி இரவிகுளம், அமைதிப் பள்ளத்தாக்கு, முக்கூர்த்தி, முதுமலை என்று மலையிலுள்ள தேசியப் பூங்காக்களைச் சுற்றி வர ஆசை. 90,000 ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். கையில் 40,000 இருக்கிறது. மீதிக்கு மனைவியின் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைக்கலாமா, பர்சனல் லோன் வாங்கலாமா, இல்லை மகளின் கல்லூரிக்காகப் போட்ட ஒரு லட்சம் டெபாசிட்டை எடுக்கலாமா? கார் நண்பருடையது. நாளுக்கு 2,000 கொடுத்தால் போதும் என்கிறார்.

பதில்: மூன்றும் வேண்டாம். ஆனால் பயணம் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். அப்பா அம்மாவுக்குக் காலில் தெம்பு இருக்கும்போதே மலையைக் காட்ட நினைக்கிறீர்கள். அது தள்ளிப் போடக் கூடாத ஆசை.

பர்சனல் லோன் 50,000 ரூபாயை 14 சதவீத வட்டியில் மூன்று வருடத் தவணைக்கு எடுத்தால் மாதம் சுமார் 1,710 ரூபாய். கட்டி முடிக்கும்போது 61,500 ரூபாய் போயிருக்கும். டெபாசிட்டைப் பாதியில் உடைத்தால் வட்டியில் அரை முதல் ஒரு சதவீதம் வரை பிடிப்பார்கள். அது போனாலும் பரவாயில்லை, கல்லூரிக் கட்டணம் கேட்கும் நாளில் அந்த லட்சம் முழுதாக இருக்க வேண்டும். அதைத் தொடாதீர்கள்.

நகைக் கடனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் பக்கத்தில் அதுதான் கைக்கு முதலில் வருகிற வழி. வட்டி குறைவுதான். 10 சதவீதம் என்றால் 50,000 ரூபாய்க்கு வருடம் 5,000. ஆனால் இடையில் எதுவும் கட்டாமல் விட்டால், வருட முடிவில் 55,000 ரூபாயை ஒரே தடவையில் வைத்தால்தான் சங்கிலி வீட்டுக்கு வரும். 46,000 வருமானத்தில் ஆறு பேர் சாப்பிடும் வீட்டில் அந்தத் தொகை ஒரே மாதத்தில் எங்கிருந்து வரும்? வட்டியை மட்டும் கட்டி மறுபடியும் வைப்பீர்கள். எங்கள் அப்பத்தாவின் சங்கிலி ஒரு கல்யாணச் செலவுக்காகப் போய் மூன்று வருடம் இப்படியே வட்டி தின்றது. திரும்பி வந்த அன்று அப்பத்தா அழுததை நான் சின்ன வயதில் பார்த்தேன். இன்னொன்று, தங்கம் விற்கிற விலைக்கு இரண்டு பவுனுக்கு நீங்கள் கேட்பதைவிடக் கூடுதலாகவே தருவார்கள். கையில் கூடுதலாக வந்தால் செலவும் கூடும்.

சரி, 90,000 எப்படி வந்தது என்று பார்த்தேன். கடன் வேண்டியிருப்பது மலைக்காக அல்ல, நீங்கள் போட்ட பாதைக்காகவும் தேதிக்காகவும்தான்.

பாதையை முதலில் எடுத்துக்கொள்வோம். முக்கூர்த்தி காரில் போய்ச் சுற்றிப் பார்க்கிற பூங்கா அல்ல. அமைதிப் பள்ளத்தாக்குக்குள்ளும் உங்கள் காரை விடமாட்டார்கள், முக்காலியிலிருந்து வனத்துறை ஏற்பாட்டு ஜீப்பில்தான் போக வேண்டும். முக்கூர்த்தியும் முதுமலையும் இருக்கிற நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். கட்டணம் இல்லை, ஆனால் 2025 கோடையில் சாதாரண நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. அறைக்குப் பணம் கட்டிவிட்டுப் பாஸ் கிடைக்காவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். நான்கு இடத்துக்கும் ஓடினால் பிள்ளைகள் பார்ப்பது கார் ஜன்னலை மட்டும்தான்.

மூணாறில் மட்டும் மூன்று இரவு தங்குங்கள். இரவிகுளம், ஆனைமுடிச் சோலை, பாம்பாடும் சோலை, மதிகெட்டான் சோலை என்று நான்கு தேசியப் பூங்காக்கள் அந்த இடுக்கி மாவட்டத்து மலையிலேயே இருக்கின்றன. இரவிகுளம்தான் கட்டாயம் பார்க்க வேண்டியது. நம் மாநில விலங்கான வரையாட்டை அங்கே கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். நுழைவாயிலிலிருந்து வனத்துறைப் பேருந்தில் ஏற்றிப் போவதால் பெரியவர்களுக்கும் சிரமம் குறைவு. குட்டி போடும் காலம் என்று வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிட்டு ஏப்ரலில் திறப்பார்கள். அப்போது போனால் குட்டிகளையும் பார்க்கலாம். டிக்கெட்டை ஆன்லைனில் முன்பே எடுத்துவிடுங்கள்.

அடுத்தது தேதி. மே மாதத்தை விட்டுவிட்டு, பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் ஏப்ரல் கடைசி வாரத்தில் திங்கள் முதல் வியாழன் வரை போய் வாருங்கள். உங்கள் பட்ஜெட்டில் பெரிய ஓட்டை அறை வாடகைதான். மே மாத வார இறுதியில் ஒரே அறைக்கு இரண்டு மடங்குகூடக் கேட்பார்கள். அறையைப் பேசும்போது வாடகையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். நாளுக்கு 1,000 ரூபாய்க்கு மேல் 7,500 வரையான அறைக்கு 2025 செப்டம்பரிலிருந்து 5 சதவீதம்தான். பழைய 12 சதவீதத்தைச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கார் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். நண்பரின் காரைச் சும்மா கேட்டு ஓட்டுவது வேறு, வாடகை கொடுத்து ஓட்டுவது வேறு. வெள்ளை போர்டு சொந்தக் காரை வாடகைக்கு விட்டால் அது இன்ஷூரன்ஸ் நிபந்தனையை மீறுவது. போடிமெட்டு ஏற்றத்தில் ஏதாவது நடந்தால் நிறுவனம் கிளெய்மை மறுக்கலாம். அப்போது உங்கள் பணமும் போகும், நட்பும் போகும். டிரைவரோடு மஞ்சள் போர்டு ஏழு சீட் வண்டி எடுங்கள். கேரள பெர்மிட் வரி யார் தலையில் என்பதைக் கிளம்பும் முன்பே பேசி, வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி புதுக் கணக்கு. மதுரை, தேனி, போடி வழியாக ஏறி, மறையூர், சின்னாறு, உடுமலை, பழனி, திண்டுக்கல் வழியாக இறங்கினால் உள்ளூர்ச் சுற்றலோடு 700 கிலோமீட்டர் வைத்துக்கொள்ளலாம். கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்றால் 12,600, டிரைவர் பேட்டா நாலு நாளைக்கு 2,400, பெர்மிட், பார்க்கிங் 2,000. இரண்டு அறை, மூன்று இரவு, அறைக்கு 2,500 வீதம் 15,000. சாப்பாடு 10,000. நுழைவுக் கட்டணம், ஜீப், படகு 4,000. ஆக 46,000. அவசரத்துக்கு 5,000 சேர்த்தாலும் 51,000தான். முதல் நாளுக்குப் புளியோதரையும், நாலு நாளைக்கும் தேன்குழலும் மாவுருண்டையும் கட்டிக்கொண்டு போனால் சாப்பாட்டுக் கணக்கும் இறங்கும்.

கையில் இருப்பது 40,000. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதமும் 4,000 எடுத்து வைத்தால் 52,000 ஆகிவிடும். மீதியில் வைக்கலாம் என்று நினைத்தால் நடக்காது. வரவு வந்த அன்றே மகமைக்கு, அதாவது கோயிலுக்கும் தருமத்துக்கும், தனியே எடுத்து வைப்பது நம் ஊர்ப் பேரேட்டில் பழைய பழக்கம், கணக்கு எழுதுகிற உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பயணத்துக்கும் அப்படியே ஒரு தனிப் பற்று வரவு போடுங்கள், மனைவி பெயரில். முதுமலை பார்த்தே தீர வேண்டும் என்றால், மே மாதம் முதல் அதே 4,000 ரூபாயை வங்கியில் ஒரு வருடத் தொடர் வைப்பாகப் போடுங்கள். 6.5 சதவீதம் கிடைத்தால் அடுத்த கோடைக்கு 49,700 ரூபாய் அளவுக்குக் கையில் இருக்கும்.

இறங்கும்போது சின்னாறு காட்டைப் பொழுது சாய்வதற்குள் தாண்டிவிடுங்கள், அந்தி நேரத்தில் யானை ரோட்டுக்கு வரும். மறையூர் வெல்லம் இரண்டு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் பழனி வழியில்தானே இருக்கிறது, அப்பா அம்மாவுக்காக அங்கே அரை நாள் ஒதுக்குங்கள். மலைக்கு ரோப் காரும் விஞ்சும் உண்டு, படி ஏற வேண்டாம்.