மூணாறு மூச்சு லேயில் போதுமா?

லடாக்கில் வார இறுதி மவுன்டன் பைக் பந்தயத்துக்குக் கிளம்பும் வாசகர்களின் கேள்விகள் இந்த முறை.

கொழுக்குமலை ஏற்றத்தை நிற்காமல் ஏறுகிறேன். லேயில் சனி, ஞாயிறு பந்தயம். வெள்ளி காலை விமானத்தில் போய் இறங்கினால் போதாதா? மலையிலேயே பிறந்தவனுக்கு உடம்பு தனியாகப் பழக வேண்டுமா?
– வாசகர், சூரியநெல்லி

போதாது. மூணாறு ஏறக்குறைய 1,500 மீட்டர், லே 3,500. ஆனமுடி உச்சியே 2,695 மீட்டர்தான். லே கடைத்தெரு அதற்கும் 800 மீட்டர் மேலே கிடக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு. மலையில் வளர்ந்த உடம்புக்குக் கொச்சிக்காரரைவிடக் கொஞ்சம் சலுகை உண்டு, விலக்கு கிடையாது.

போன கையோடு ஓட்டிவிட்டுத் திரும்பினால் உடம்புக்குத் தெரியாது என்று சைக்கிள்காரர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். 2,000 மீட்டர் வாக்கிலான உயரத்தில் அது ஓரளவு செல்லும். லேயில் வேண்டாம். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் இறங்கிய 6 முதல் 12 மணி நேரத்தில் தலைகாட்டும். பெரும்பாலும் முதல் இரவுதான் மோசம். உங்கள் கணக்கில் அதுவே பந்தயத்துக்கு முந்தைய இரவு.

முந்தைய சனிக்கிழமையே போய்விடுங்கள். லேவுக்கு விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான். வானிலை கெட்டால் ரத்தாகும், அதற்கும் ஒரு நாள் கையில் இருக்கட்டும். முதல் 48 மணி நேரம் சைக்கிளில் ஏற வேண்டாம், மது வேண்டாம். மூன்றாம் நாள் ஷே, திக்ஸே பக்கம் சமதளத்தில் ஒரு மணி நேரம், மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்தில். ஐந்தாம் நாள் ஒரு சின்ன ஏற்றம். கர்துங் லா கணவாய் ஏறும் ஆசையைப் பந்தயம் முடிந்தபின் தீர்த்துக்கொள்ளலாம்.

ஒரு வாரம் தங்கினாலும் கொழுக்குமலைக் கால் அங்கே வராது. 1,500 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் உடம்பு ஆக்சிஜனை ஏற்கும் உச்சத்திறன் சுமார் 1 சதவீதம் குறைகிறது. லேயில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். முதல் இருபது நிமிடம் மற்றவர்களை முன்னே விடுங்கள். மூச்சு ஒருமுறை தட்டுக்கெட்டால் அங்கே லேசில் திரும்பாது.

ஓய்வெடுத்தும் பாரசிட்டமால் போட்டும் தலைவலி இறங்கவில்லையென்றால் பந்தயத்தை விட்டுவிடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், இருமல், நடை தள்ளாட்டம் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆக்சிஜனும் உயரத்திலிருந்து இறங்குவதும்தான் மருந்து.

டயமாக்ஸ் போட்டுக்கொண்டு நாலு நாள் மிச்சப்படுத்தலாமா?
– வாசகர், மறையூர்

உயரத்தால் வரும் தலைவலி, குமட்டலைத் தடுக்க உதவும் இந்த மாத்திரையைச் சுற்றுலாப் பயணிக்கு மருத்துவர் வழக்கமாக 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, கிளம்புவதற்கு முந்தைய நாளிலிருந்து எழுதித் தருவார். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆனால் நீங்கள் போட்டியாளர். இந்த மாத்திரையிலுள்ள அசெட்டசோலமைட் சிறுநீர்ப் பெருக்கி வகையைச் சேர்ந்தது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப் பட்டியலில் எல்லா நாளும் இருக்கிறது. மருந்துக்கடையில் இதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள். சிகிச்சைக்கான விலக்கு அனுமதி வாங்காமல் போட்டுக்கொண்டு பரிசோதனையில் சிக்கினால், தெரியாது என்ற பேச்சு எடுபடாது. நாலு நாள் முன்னதாகப் போவதே மேல்.

நெடும்பாசேரியிலிருந்து விமானத்தில் சைக்கிளை எப்படிக் கட்டி அனுப்புவது?
– வாசகர், குமுளி

சைக்கிள் கடையில் கேட்டால் அட்டைப்பெட்டி கிடைக்கும். இரண்டு பெடலையும் கழற்றுங்கள். இடது பெடலுக்கு மறை எதிர்ப்பக்கம், வழக்கமான திசையில் திருகினால் இன்னும் இறுகும். பின் கியரை மாற்றும் டீரெய்லரை, அதைத் தாங்கும் ஹேங்கர் தகட்டிலிருந்து கழற்றி, துணியில் சுற்றி, பின்முக்கோணத்துக்குள் கட்டிவிடுங்கள். அப்படியே விட்டால் பெட்டியை ஒருமுறை போட்டாலே ஹேங்கர் வளையும். உங்கள் ஃபிரேமுக்குரிய உபரி ஹேங்கர் ஒன்று பையில் கட்டாயம் வேண்டும். ஃபிரேமுக்கு ஒரு மாதிரி என்பதால் அங்கே தேடிப் பிடிப்பது கஷ்டம்.

பிரேக் தட்டுகளான ரோட்டர்களையும் கழற்றி இரு அட்டைகளுக்கு நடுவே வையுங்கள். தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் பேட்களுக்கு நடுவே பிளாஸ்டிக் கட்டை செருக வேண்டும், இல்லாவிட்டால் யாராவது லீவரை அழுத்தினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். பெட்டி தலைகீழாகக் கிடந்தால் ஆயில் தொட்டியிலுள்ள காற்றுக்குமிழ் குழாய்க்குள் இறங்கி பிரேக் பஞ்சுபோல் ஆகும். சக்கரம் மாட்டி, சைக்கிளை நிமிர்த்தி வைத்து, லீவரை ரப்பர் பட்டையால் இழுத்துக் கட்டி ஓர் இரவு விட்டால் பெரும்பாலும் சரியாகும். ஆகாவிட்டால் பிளீட் செய்துதான், அதாவது குழாயிலுள்ள காற்றை வெளியேற்றித்தான், தீர வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடு குப்பிகளை விமான நிறுவனத்தின் அனுமதியில்லாமல் கொண்டுபோக முடியாது, கைப்பம்பு போதும். எலக்ட்ரானிக் கியரின் உபரி பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும்.

பாலக்காட்டில் 22 பிஎஸ்ஐ வைத்த டயர் லேயில் அப்படியே இருக்குமா?
– வாசகர், சித்தூர்

இருக்காது. உள்ளே காற்று அதேதான், வெளியே அழுத்தம் சுமார் 5 பிஎஸ்ஐ குறைந்துவிடும்; மானி 27 பக்கம் காட்டும். விடியற்காலைக் குளிர் அதில் இரண்டு, மூன்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஊரிலேயே கணக்குப் போட்டுக் குறைக்க வேண்டாம். அங்கே போனபின் சிறிய மானியால் அளந்து பழைய 22-க்கே வையுங்கள். பயணத்தில் ட்யூப்லெஸ் டயரை முழுக்க இறக்கினால் விளிம்பு ரிம்மை விட்டு விலகும், 15 இருக்கட்டும்.

முன்சக்கரத்தைத் தாங்கி அதிர்வை வாங்கும் ஃபோர்க்கிலும் இதே கதை. கீழ்க்கால்களில் அடைபட்ட காற்று, கடைசி ஒன்றிரண்டு அங்குலத்தை இறங்கவிடாமல் தடுக்கும். பொத்தான் வைத்த ஃபோர்க் என்றால் அழுத்தினால் ‘உஸ்’ என்று போய்விடும். இல்லாவிட்டால் புழுதியைத் தடுக்கும் டஸ்ட் சீல் வளையத்துக்கு அடியில் மெல்லிய கேபிள் டையைச் செருகி உடனே எடுங்கள். ஷாக் பம்பைத் தொட வேண்டாம். அது ஸ்பிரிங் காற்றுக்கு, இது வேறு அறை.

32 பல் செயின்ரிங் போதுமா?
– வாசகர், தேவிகுளம்

பெடலோடு சுற்றும் இந்தப் பல்சக்கரம் சிறியதாக இருந்தால் ஏற்றம் லேசாகும், 28 போடுங்கள். 32-லிருந்து இறங்கும்போது செயினில் ஒரு ஜோடி கண்ணி அதிகமாகும், அதை எடுத்துவிடலாம். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே மாற்றி ஓட்டிப் பாருங்கள். மூணாறு மழைக்கு ஊற்றிய ஈர எண்ணெயையும் அப்போதே துடைத்து உலர் எண்ணெய்க்கு மாறிவிடுங்கள். லடாக் மணற்புழுதி ஈர எண்ணெயில் ஒட்டிச் செயினை அரைத்துவிடும்.