காலைல பச்சை லைட்டு, நடுராத்திரி இருட்டு: பேட்டரிக்கு என்னதான் ஆச்சு?

கேள்வி: சார், கரண்ட் லைனே இல்லாத எடம், எல்லாமே சோலார்தான். 150 வாட் பேனல் ரெண்டு, 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி ஒண்ணு (தண்ணி ஊத்துற டைப்), ஒரு சின்ன இன்வெர்ட்டர். ஆரம்பத்துல ரெண்டு ஃபேன், நாலு லைட்டு விடியுற வரைக்கும் ஓடுச்சு. மூணு வருஷம் ஆச்சு, இப்போ நடுராத்திரிக்கே இன்வெர்ட்டர் கத்த ஆரம்பிச்சுடுது. ஆனா காலைல பத்து மணிக்கெல்லாம் கன்ட்ரோலர் (பேனல்லேர்ந்து பேட்டரிக்கு போற கரண்ட கட்டுப்படுத்துற பெட்டி) 14.4 வோல்ட் காட்டி பச்சை லைட்டும் எரியுது. ஃபுல்லான பேட்டரி எப்படி சார் இவ்ளோ சீக்கிரம் தீரும்? புதுசு வாங்கிடவா?

பதில்: இப்போ வாங்காதீங்க. பழசு ஏன் இப்படி ஆச்சுன்னு தெரியாம புதுசு மாட்டினா அதுவும் இதே வழியிலதான் போகும், அந்த காச பத்திதான் எனக்கு கவலை.

நீங்க எழுதினதுலயே துப்பு இருக்கு. நடுராத்திரி காலியான பேட்டரி காலைல பத்து மணிக்கே 14.4 தொட்டுச்சுன்னா அது நெறஞ்சிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. பேனல் கரண்ட தள்ளிக்கிட்டு இருக்கும்போது டெர்மினல்ல தெரியுற வோல்டேஜ் அது, அவ்ளோதான். பேட்டரி உள்ள இருக்கற ஈய ப்ளேட்டுல சல்ஃபேட் உப்பு கெட்டியா படிஞ்சு போச்சுன்னா கரண்ட வாங்கிக்க எடமே கொறஞ்சிடும், அதனால வோல்டேஜ் சட்டுன்னு ஏறும், லோடு போட்டா அதே வேகத்துல சட்டுன்னு எறங்கும். சின்ன சோலார் செட்டப்ல பேட்டரி கெடுறது பெரும்பாலும் அதிகமா உழைச்சு இல்ல, நாள் கணக்கா அரை வயித்தோட கெடந்துதான். டிஸ்சார்ஜ் ஆகும்போது உருவாகுற சல்ஃபேட் அன்னைக்கே முழுசா கரைஞ்சிட்டா பிரச்சனை இல்ல, முக்கா சார்ஜோட நிறுத்தி நிறுத்தி விட்டா மிச்சம் இருக்கறது நாளாக நாளாக இறுகிடும்.

சரி, எப்படி கண்டுபிடிக்கறது. ஒரு நாள் சாயங்காலம் வெயில் போனதும் இன்வெர்ட்டரையும் எல்லா லோடையும் ஆஃப் பண்ணிட்டு மூணு நாலு மணி நேரம் பேட்டரிய சும்மா விடுங்க. அப்புறம் மல்டிமீட்டர்ல வோல்டேஜ் பாருங்க, ஹைட்ரோமீட்டர் (ஆசிட்ட உறிஞ்சி அளக்கற கருவி) வச்சு பேட்டரியோட ஆறு செல்லுலயும் தனித்தனியா கிராவிட்டி, அதாவது ஆசிட் தண்ணிய விட எத்தனை மடங்கு கனம்ங்கற அளவு, எடுத்து ஒரு பேப்பர்ல எழுதுங்க (கண்ணாடி, கையுறை போட்டுக்கோங்க, பக்கத்துல நெருப்பு எதுவும் வேண்டாம், சார்ஜ் ஆகும்போது வர்ற ஹைட்ரஜன் அங்க தங்கியிருக்கும்). ஃபுல் சார்ஜ்ல கிராவிட்டி எவ்ளோ இருக்கணும்னு பேட்டரி லேபிள்லயே இருக்கும், மாடலுக்கு தகுந்த மாதிரி 1.24-லேர்ந்து 1.28 வரைக்கும் வரும்.

ஒரு சின்ன கணக்கு இருக்கு, இது ரொம்ப உதவும்: கிராவிட்டியோட 0.84 கூட்டினா ஒரு செல்லோட வோல்டேஜ் வரும். 1.25-ன்னா 2.09, ஆறு செல்லுக்கு 12.54. இப்போ உங்க மீட்டர் 12.5 காட்டுது, ஆனா கிராவிட்டி 1.20-தான் இருக்குன்னு வச்சுக்கோங்க, 1.20-க்கு கணக்குப்படி 12.24 தானே வரணும்? ரெண்டும் ஒத்துப்போகலன்னா ஆசிட் கனமா கீழ தங்கிடுச்சு, மேல தண்ணியா இருக்கு, நீங்க உறிஞ்சினது மேல இருக்கறத. உசரமான டியூபுலர் பேட்டரில இது சகஜம், நல்லா குமிழி விட்டு கொதிக்கற அளவுக்கு சார்ஜ் ஏறினாதான் கலக்கும். ஆறு செல்லும் ஒரே மாதிரி கொறஞ்சிருந்தா சார்ஜ் பத்தல. அஞ்சு நல்லா இருந்து ஒண்ணு மட்டும் 0.05-க்கு மேல கீழ இருந்தா அந்த செல் போயிட்டு இருக்கு, அப்போ ரொம்ப நம்பிக்கை வைக்க முடியாது.

உங்களுக்கு ஆறும் ஒரே மாதிரி கொறஞ்சிருக்கும்னுதான் நெனைக்கிறேன், ஏன்னா உங்க கணக்கு அப்பவே இழுபறி. ராத்திரிக்கு சுமார் 80 வாட், பத்து மணி நேரம்னா 800 வாட்-அவர், இன்வெர்ட்டர் நஷ்டமும் சேர்த்தா பேட்டரிலேர்ந்து 75 ஆம்பியர்-அவர் கிட்ட போகுது. லெட்-ஆசிட்ல எடுத்தத விட 15-20 சதவீதம் கூட திருப்பி போடணும், ஆக 90. உங்க பேனல் ரெண்டும் சேர்ந்து உச்சி வெயில்ல ஒரு 16 ஆம்பியர் தரும், நல்ல வெயில் நாள்ல மொத்தம் 80, 90 ஆம்பியர்-அவர் வரும், மேகம் போட்டா அதுவும் இல்ல. இதுல இன்னொன்ன யாரும் கவனிக்கறதே இல்ல, லோடே இல்லாம ஆன்ல கெடக்குற இன்வெர்ட்டர். அது தனக்கு மட்டும் 12 வாட் இழுத்தா 1 ஆம்பியர், ஒரு நாளைக்கு 24 ஆம்பியர்-அவர் ஆச்சு! பகல்ல தேவையில்லாத நேரம் அத ஆஃப் பண்ணுங்க, இல்ல லைட்ட நேரா 12 வோல்ட் டிசிக்கு மாத்துங்க, புது பேனல் வாங்கறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது இதுதான்.

அடுத்தது வயர். நல்ல வெயில்ல, கரண்ட் ஏறிக்கிட்டு இருக்கும்போது கன்ட்ரோலரோட பேட்டரி டெர்மினல்ல ஒரு தடவ, பேட்டரியோட ஈய முனை மேலயே, லக் (வயர் நுனில மாட்டியிருக்கற வளையம்) மேல இல்ல, ஒரு தடவ வோல்டேஜ் எடுங்க. 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் மூணு மீட்டர் தூரம்னா போக வர ஆறு மீட்டர், 16 ஆம்பியர் போகும்போது கிட்டத்தட்ட 0.4 வோல்ட் அதுலயே போயிடும். கன்ட்ரோலர் 14.4 பாக்குது, பேட்டரி பாக்கறது 14.0. கன்ட்ரோலர் அப்சார்ப்ஷன் (வோல்டேஜ ஒரே அளவுல பிடிச்சு மிச்சத்த நெரப்புற கட்டம்) வந்தாச்சுன்னு கரண்ட கொறைக்க ஆரம்பிக்கும், நெறைய மாடல்ல ரெண்டு மணி நேர டைமர் இருக்கும், அது முடிஞ்சதும் ஃப்ளோட்டுக்கு (நெறஞ்ச பேட்டரிய அப்படியே வச்சிருக்கற கொறஞ்ச வோல்டேஜ்) எறங்கிடும், பேட்டரி பாதிலயே நின்னுடும். 16 ஸ்கொயர் எம்எம் போட்டா அதே நஷ்டம் 0.1 தான். பச்சை பூத்த டெர்மினல், லூசான நட்டு கூட இதே வேலைய செய்யும், கழட்டி சுத்தமா தேச்சு இறுக்குங்க.

இதெல்லாம் சரி பண்ணிட்டு அப்புறம் பேட்டரிய மீட்க பாருங்க. அப்சார்ப்ஷன் டைம் மாத்த முடியும்னா நாலு மணி நேரமாக்குங்க, ராத்திரி லோட ஒரு வாரம் பாதியா கொறைங்க. அதுக்கப்புறமும் கிராவிட்டி லேபிள்ல இருக்கற அளவுக்கு ஏறலன்னா ஈக்வலைஸ், அதாவது கம்பெனி சொன்ன அளவுல, பொதுவா 15-லேர்ந்து 15.5 வோல்ட் வரைக்கும், கொஞ்ச கரண்ட்ல நீட்டி சார்ஜ் பண்றது. டிசி லோடு எல்லாத்தையும் கழட்டிட்டுதான் செய்யணும், அந்த வோல்டேஜ்ல பல்பு போயிடும். மணிக்கு ஒரு தடவ கிராவிட்டி பாருங்க, தொடர்ந்து மூணு தடவ ஏறாம நின்னா நிறுத்திடலாம். பேட்டரி கையில தொட முடியாத அளவு சூடானாலும் நிறுத்துங்க. ஜெல், சீல்டு பேட்டரிக்கு இத செய்யவே கூடாது. பவுடர் போட்டா புதுசாகும், லிக்விட் ஊத்தினா உயிர் வரும்னு சொல்றத நான் யாருக்கும் சிபாரிசு பண்றதில்ல, ஆசிட்டும் ஊத்தாதீங்க.

கடைசியா ஒரு டெஸ்ட். முழுசா ஏத்தி, நாலு மணி நேரம் விட்டு, 7 ஆம்பியர் அளவு லோடு பத்து மணி நேரம் ஓட்டுங்க. எடுத்தது 70 ஆம்பியர்-அவர், 150-ல பாதிக்கும் கம்மி. நல்ல பேட்டரி இதுல பாதி கிட்டதான் எறங்கும், கொஞ்சம் விட்டு பாத்தா 12.2 பக்கம் நிக்கும். ஆறு ஏழு மணி நேரத்துலயே இன்வெர்ட்டர் கத்தினா கெபாசிட்டி பாதிக்கு மேல போயிடுச்சு, அப்போ வாங்குங்க, தப்பில்ல. கெபாசிட்டி 80 சதவீதத்துக்கு கீழ வந்தாலே ஆயுசு முடிஞ்சதா கணக்கு பண்றது வழக்கம், ஆனா சின்ன வீட்டு உபயோகத்துக்கு 70 இருந்தாலும் லோட கொறைச்சு இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம்.

கேள்வி: பழைய பேட்டரி வீக் ஆயிடுச்சுன்னு பக்கத்துல புதுசு ஒண்ணு பேரலல்ல (பிளஸ் பிளஸோட, மைனஸ் மைனஸோட) மாட்டினேன். ரெண்டு மாசம் நல்லா இருந்துச்சு, இப்போ மறுபடி அதே கதை. ஏன்?

பதில்: புதுசு பழசுக்கு சோறு போட்டுக்கிட்டு இருக்கு. பழசு தானா டிஸ்சார்ஜ் ஆகறது வேகமா இருக்கும், பக்கத்துல இருக்கற புதுசுலேர்ந்து ராத்திரி பகலா இழுத்துக்கும். ரெண்டையும் பிரிங்க, தனித்தனியா சார்ஜ் ஏத்தி ஒரு நாள் விட்டு பாருங்க, எது எறங்குதோ அத எடுத்துடுங்க. எதிர்காலத்துல ரெண்டு போடணும்னா ஒரே மாடல், ஒரே வயசு, பாசிட்டிவ் ஒரு பேட்டரிலேர்ந்தும் நெகட்டிவ் அடுத்த பேட்டரிலேர்ந்தும் எடுங்க, ரெண்டும் ஒரே பக்கத்துலேர்ந்து எடுத்தா கிட்ட இருக்கறதுதான் மொதல்ல அடி வாங்கும்.

கேள்வி: லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 100 ஆம்பியர்-அவர். மீட்டர் 40 சதவீதம் காட்டும்போதே திடீர்னு ஆஃப் ஆயிடுது.

பதில்: ரெண்டுல ஒண்ணு. மீட்டர் உள்ள போற, வெளிய வர்ற கரண்ட எண்ணிக்கிட்டே இருக்கும், ரொம்ப நாள் ஃபுல் ஆகலன்னா எண்ணிக்கை தப்பிடும், ஒரு தடவ முழுசா ஏத்தி 100-ன்னு செட் பண்ணா சரியாயிடும். வோல்டேஜ வச்சு பாக்காதீங்க, இந்த வகை நடுவுல பூரா 13.2, 13.3-லயே நிக்கும். சரி பண்ணியும் ஆஃப் ஆனா ஏதோ ஒரு செல் மத்ததுக்கு முன்னாடி காலியாகி பிஎம்எஸ் (பேட்டரி உள்ள இருக்கற பாதுகாப்பு சர்க்யூட்) கட் பண்ணுது. பிஎம்எஸ் ஆப் இருந்தா ஆஃப் ஆகப்போற நேரத்துல நாலு செல்லையும் பாருங்க, மூணு செல் 3.1-க்கு மேல, ஒண்ணு மட்டும் 2.5 கிட்டன்னா அதுதான். 14.2-லேர்ந்து 14.4 வரைக்கும் ஏத்தி சில நாள் அங்கயே கொஞ்ச நேரம் வச்சிருந்தா பேலன்ஸ் ஆக வாய்ப்பு இருக்கு, ஆகலன்னா வாரன்டி இருக்கான்னு பாருங்க.

கேள்வி: டிஸ்டில்டு வாட்டர் சார்ஜுக்கு முன்னாடியா, பின்னாடியா?

பதில்: பின்னாடி. சார்ஜ் ஏறும்போது லெவல் மேல வரும், முன்னாடியே நெறைய ஊத்தினா ஆசிட் வழிஞ்சு வீணாகும். ப்ளேட் வெளிய தெரிஞ்சா மட்டும் அது மூடுற அளவுக்கு முதல்ல ஊத்திட்டு, மிச்சத்த ஃபுல் ஆனப்புறம் ஊத்துங்க.