மாமனார் விட்டுட்டுப் போன போர்ட் பாட்டில்: என்ன விலை போகும்?

கேள்வி: என் மாமனார் இங்கிலாந்துக்காரர், போன மாசம் தவறிட்டார். படிக்கட்டுக்கு அடியில இருக்கற அலமாரில 11 பாட்டில் போர்ட் வைன் (போர்ச்சுகல்ல செய்யற இனிப்பு வைன்) படுக்க வெச்சபடி இருந்துச்சு. ஒரு மரப்பெட்டில ஃபோன்சேக்கா 1977, 6 பாட்டில், அது என் வீட்டுக்காரர் பொறந்த வருஷம். 3 பாட்டில்ல 'லேட் பாட்டில்டு வின்டேஜ் 1983'னு போட்டிருக்கு. மீதி 2ல லேபிளே இல்ல, ஒரு பக்கம் வெள்ளை பெயின்ட் தீத்தின மாதிரி கறை. தூசியா இருக்கேன்னு ஒண்ண ஈரத்துணியால துடைச்சேன், லேபிள் ஓரம் கிழிஞ்சிடுச்சு. பழைய சாமான் கடைக்காரர் ஒருத்தர் மொத்தத்துக்கும் 100 பவுண்டு தர்றேங்கறார். கொடுத்துடலாமா?
- ஒரு வாசகி, பிரிஸ்டல்

பதில்: கொடுக்காதீங்கம்மா. அந்தத் துணியையும் எடுத்து ஓரமா வெச்சிடுங்க, இனிமே ஒரு பாட்டிலையும் துடைக்க வேணாம். தூசி இருந்தா யாரும் விலையைக் குறைக்க மாட்டாங்க, கிழிஞ்ச லேபிளுக்குத்தான் குறைப்பாங்க.

போர்ட்னாலே வருஷம் ஆக ஆக விலை ஏறும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அது பாட்டில்ல வெச்சு பழசாக்கறதுக்குன்னே செய்யற வின்டேஜ் போர்ட்டுக்குத்தான் பொருந்தும். போர்ச்சுகல் டோரோ பள்ளத்தாக்குல நல்லா விளைஞ்ச வருஷத்துல மட்டும் அந்தந்த கம்பெனி இது எங்க வின்டேஜ்னு அறிவிக்கும், அறுவடையாகி ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள பாட்டில்ல அடைச்சிடுவாங்க, அப்புறம் அது பல வருஷம் பாட்டிலுக்குள்ளயே முதிரும். 1977 அப்படி அறிவிச்ச நல்ல வருஷம், ஃபோன்சேக்காவும் போர்ட் கம்பெனிகள்ல பெரிய பேர். நல்லா வெச்சிருந்த ஒரு பாட்டிலே 100 பவுண்டை ஒட்டிப் போகும், அப்ப அந்தக் கடைக்காரர் சொல்ற கணக்கு என்னன்னு நீங்களே பாருங்க.

அந்த 1983 மூணும் வேற ரகம். லேட் பாட்டில்டு வின்டேஜைச் சுருக்கி எல்பிவின்னு சொல்லுவாங்க, நாலுலேர்ந்து ஆறு வருஷம் பீப்பாயில இருந்துட்டு பாட்டிலுக்கு வர்றது, லேபிள்ல பாட்டில் பண்ண வருஷமும் இருக்கும் பாருங்க. வின்டேஜ்ங்கற வார்த்தையும் வருஷமும் சேர்ந்து இருக்கறதால நிறைய பேர் ஏமாந்துடறாங்க. கையால திருகி எடுக்கற மூடி போட்ட கார்க்கா இருந்தா அது வடிகட்டினது, வாங்கின உடனே குடிக்கறதுக்கு செஞ்சது, விக்கப் போனா பெருசா ஒண்ணும் வராது.

எனக்கு ஆர்வமே அந்த லேபிள் இல்லாத ரெண்டு மேலதான். அந்த வெள்ளை பெயின்ட் கறை இல்ல, அடையாளம். பாட்டிலை எப்பவும் அந்தப் பக்கம் மேல இருக்கற மாதிரி படுக்க வைக்கணும், அப்பதான் வண்டல், அதாவது வைன்ல தங்கற கசடு, ஒரே பக்கமா படியும். 1970 வின்டேஜ் வரைக்கும் நிறைய போர்ட் பீப்பாயிலயே இங்கிலாந்து வந்து, உங்க பிரிஸ்டல் வியாபாரிங்க மாதிரி ஆளுங்க கையால பாட்டிலாச்சு, லேபிள் ஒட்டாமயே நிலவறைக்குப் போனதும் உண்டு. கழுத்துல இருக்கற மூடியில பேரோ வருஷமோ பதிஞ்சிருக்கான்னு பாருங்க. கழுத்துக்குப் பின்னாடி டார்ச் அடிச்சா கார்க்ல சுட்ட எழுத்து தெரிய வாய்ப்பிருக்கு. 1963, 1955, 1945 இதுல ஏதாவது தெரிஞ்சா உங்க அலமாரியிலயே விலை கூடினது அதுதான். தெரியலன்னா நீங்களா மூடியைச் சுரண்டாதீங்க, ஏலக் கம்பெனி ஆளுங்க பார்த்துக்குவாங்க. ஆனா லட்சம் லட்சமா வரும்னு மட்டும் எதிர்பார்க்காதீங்க, 1931 கின்டா டோ நோவல் நாசியோனால் மாதிரி அபூர்வமான சில போர்ட்தான் ஆயிரக்கணக்கான பவுண்டுக்குப் போகும், மத்ததெல்லாம் பெரும்பாலும் நூத்துக்கணக்கோட நின்னுடும்.

அடுத்து அளவு. பாட்டிலை நிமிர்த்தி, குலுக்காம, வைன் எது வரைக்கும் நிக்குதுன்னு பாருங்க. கழுத்துலயோ கழுத்தடியிலயோ இருந்தா நல்லது, தோள்பட்டைக்கு நடுவுல இறங்கியிருந்தா கார்க் வழியா காத்து போயிருக்கும், விலை நல்லாவே அடிவாங்கும். மாமனாரோட மேஜை டிராயர்ல வாங்கின பில் இருக்கான்னும் தேடுங்க, எங்க வாங்கினாரு எப்படி வெச்சிருந்தாருன்னு காட்ட முடிஞ்சா வாங்கறவங்க நம்பி கூட கொடுப்பாங்க.

ஒவ்வொண்ணையும் முன்பக்கம், கழுத்து, மூடி, வைன் மட்டம்னு போட்டோ எடுத்து கிறிஸ்டிஸ், சோதபிஸ், பான்ஹாம்ஸ் மாதிரி வைன் ஏலம் விடறவங்களுக்கு அனுப்புங்க. ஒரே இடத்தோட நிறுத்தாம ரெண்டு இடத்துல கேளுங்க. இங்கிலாந்துல மது விக்கறதுக்கு லைசென்ஸ் வேணும், அதனாலயும் அவங்க வழியா போறதுதான் சரி. கமிஷன் எவ்வளவுன்னு முன்னாடியே கேட்டுக்குங்க. ப்ரோபேட்டுக்கு (இறந்தவரோட சொத்தைப் பிரிச்சுக் கொடுக்கறதுக்கான சட்ட நடைமுறை) காட்ட வேண்டியது அவர் இறந்த நாள்ல சந்தையில போயிருக்கக்கூடிய விலை, இன்ஷூரன்ஸ்காரங்க சொல்றது புதுசா வாங்கற விலை, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

என்னைக் கேட்டா அந்த 1977 பெட்டியை விக்காதீங்கன்னுதான் சொல்லுவேன். பையன் பொறந்த வருஷத்து போர்ட்டை வாங்கி வைக்கறது அந்த ஊர் அப்பாக்களோட பழக்கம், உங்க மாமனாரும் அப்படித்தான் வாங்கியிருப்பாருன்னு தோணுது. வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேளுங்க, 2027ல அவருக்கு 50 ஆகுதே. திறக்கறதா இருந்தா முந்தின நாளே நிமிர்த்தி வெச்சிடுங்க, வண்டல் அடியில தங்கினதும் மெதுவா வேற ஜாடில ஊத்துங்க. கார்க் பொடிஞ்சா மெல்லிய துணில வடிகட்டிக்கலாம். திறந்தா ரெண்டு நாளுக்குள்ள முடிச்சிடணும், அதனால நாலு பேர் வர்ற அன்னைக்கு திறங்க.