அப்பத்தாவின் வெற்றிலை உரல்

வணக்கம் சார்,

சோழவந்தானில் எங்கள் பூர்வீக வீடு, நாட்டு ஓடு போட்டது. அப்பத்தா செத்து இருபது வருடம் ஆகிறது. இன்னமும் நடுச்சாமத்தில் அவர் வெற்றிலை இடிக்கிற சத்தம் வீட்டுக் கூடத்தில் கேட்கும். யாருக்கும் பயமில்லை. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அன்று கூடுதலாகவே கேட்கும். இப்போது வீட்டை விற்றுவிட்டு மதுரையில் அடுக்குமாடிக்குப் போகிறோம். வாங்குகிறவரிடம் இந்தப் பேய் விஷயத்தைச் சொல்ல வேண்டுமா? சிரிக்காமல் பதில் எழுதுங்கள்.

ச.

அன்புள்ள ச.,

சிரித்துவிட்டேன். இருபது வருடம் கூடவே குடியிருந்தவரை வில்லங்கத்தில் சேர்க்கலாமா என்று யோசித்திருக்கிறீர்களே!

திருமங்கலம் பக்கம் எங்கள் பழைய வீட்டில் ராத்திரியானால் தாத்தா மச்சில் நடப்பார். காலேஜில் சேர்ந்த புதிதில் நான் விளக்கம் சொன்னேன்: பகல் வெயிலில் காய்ந்த உத்தரமும் சட்டமும் ராத்திரி குளிர்ந்து சுருங்கும்போது மூட்டுகளில் வருகிற சத்தம் அது. அம்மா முறத்தை நிறுத்தாமலே கேட்டார்: “சரிப்பா, உனக்குப் பரீட்சைன்னா மட்டும் அந்தக் கட்டைக்கு எப்படித் தெரியுது?” பரீட்சை ராத்திரிகளில்தான் நான் விழித்திருந்தேன் என்று தோன்றப் பல வருடம் ஆனது. காய்ச்சல்காரர் நெற்றியில் ஈரத்துணி மாற்ற ஆள் விழித்திருக்கிற வீட்டிலும் அதே கதைதான். அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை.

வேல்ஸில் டெவி ரீஸ் என்ற டாக்டர், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரை விசாரித்து 1971இல் எழுதினார். கிட்டத்தட்டப் பாதிப் பேர் இறந்தவர் பக்கத்தில் இருப்பதாகவோ, அவரைப் பார்த்ததாகவோ, அவர் குரலைக் கேட்டதாகவோ உணர்ந்திருந்தார்கள். பெரும்பாலோருக்கு அது ஆறுதலாகவே இருந்திருக்கிறது. ஆனால் அவர் கேட்கும்வரை பலர் அதை வெளியே சொல்லவில்லை. நமக்கு அந்தக் கூச்சம் கிடையாது, சோறு போடும்போதே பேசிவிடுவோம்.

எனக்கு இடிப்பது ‘பேய்’ என்ற சொல்தான். நம் பக்கம் பேய் என்றால் ஆளைப் பிடிப்பது, பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போய் ஓட்டுவது. நாம் படையல் போட்டு, சேலை வைத்துக் கும்பிடுகிற முன்னோரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஊர் மாறிப் போகிறவர்கள் குலசாமி கோயிலில் பிடிமண் எடுத்துப்போய்ப் புது இடத்தில் வைத்துக் கும்பிடுவார்கள் இல்லையா? அப்பத்தாவுக்கும் அப்படியே செய்யுங்கள். வாசலில் ஒரு பிடி மண் அள்ளி, “வா அப்பத்தா, போவோம்” என்று வாய்விட்டுக் கூப்பிடுங்கள். அடுக்குமாடியில் மண்ணுக்கு எங்கே போவது என்றால், பால்கனியில் ஒரு துளசித் தொட்டி போதும். வெற்றிலை மட்டும் ஊரிலிருந்தே போகட்டும். 2023இல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள், அந்த ருசியில் வளர்ந்தவரை வேறு இலை வைத்து ஏமாற்ற முடியாது.

வாங்குகிறவரிடம் ஓடு எங்கே ஒழுகுகிறது என்பதைச் சொல்லுங்கள், போதும்.

அப்புறம், அந்த உரல் இப்போது எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. வீட்டைக் காலி செய்கிற அவசரத்தில் யாராவது அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடப் போகிறார்கள். முதலில் அதைத் தேடி எடுத்து வையுங்கள்.