கோணேசர் மலைப் பாறையின் "40,000 வயது" பற்றி

அது பாறையின் வயது இல்லை. தேய்மான வேகம் என்று வாசியுங்கள். பெரிலியம்-10 (விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் பட்டுப் பாறையில் உருவாகும் அணு) அளவைக் கொண்டு திருகோணமலை கோணேசர் மலைக்குப் பக்கத்துக் குன்று 40,000 ஆண்டுகளுக்கு முன் பனியாறு விலகி வெளிப்பட்டதா என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் காலத்தில் இலங்கையில் பனியாறே கிடையாது.

குழப்பம் பெரிலியம் அளவை வயதாக மாற்றும் கணிப்பானில் இருந்து வந்திருக்கும். அது ஆல்ப்ஸ் போன்ற இடங்களுக்கான கேள்வியைக் கேட்கிறது: பனியாறு மேல்பாறையை மீட்டர்கணக்கில் சுரண்டி, அதுவரை சேர்ந்த பெரிலியத்தை அகற்றிக் கடிகாரத்தைப் பூச்சியமாக்கியது எப்போது? திருகோணமலையில் பாறை மேலிருந்து மெல்லக் கரைந்துகொண்டே இருக்கிறது. காஸ்மிக் கதிர்கள் பாறைக்குள் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் போவதற்குள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எனவே உங்கள் 40,000 ஆண்டு என்பது ஏறத்தாழ அந்த 60 சென்டிமீட்டர் தேய எடுக்கும் காலம். சரி, அந்த 60 சென்டிமீட்டரை உங்கள் 40,000 ஆல் வகுத்துப் பாருங்கள்: ஆயிரம் ஆண்டுக்கு 15 மில்லிமீட்டர். மத்திய மலைநாட்டில் இதே முறையில் கிடைத்த இயற்கைத் தேய்மானமும் ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் முதல் சில பத்து மில்லிமீட்டர் வரைதான். எனவே உங்கள் அளவீடு நம்பத்தக்கது, அதைத் தூக்கிப் போடாதீர்கள்!

முடிந்தால் பெரிலியத்தை அளந்த அதே குவார்ட்ஸ் கனிமத்தில் அலுமினியம்-26 ஐயும் அளக்கச் சொல்லுங்கள். அதுவும் காஸ்மிக் கதிர்களால் உருவாவதுதான், ஆனால் பெரிலியத்தைவிட வேகமாகச் சிதையும். அது பெரிலியத்தைப் போல ஏறத்தாழ 7 மடங்கு இருக்க வேண்டும். தெளிவாகக் குறைந்தால், பாறை நெடுங்காலம் மணலுக்கடியில் கிடந்திருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: கடலைப் பார்த்த செங்குத்து முகத்தில் மாதிரி எடுத்திருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே பாறை பாளம் பாளமாக விழும். அப்புறம், கோயில் பக்கம் அனுமதியில்லாமல் உளி வைக்க வேண்டாம்.