பத்துக்குப் பத்து அறை உண்மையில் எத்தனை அடி?

திருச்சி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மனை 30-க்கு 40. பிளானில் படுக்கையறை 10-க்கு 10 என்றிருக்கிறது, கட்டில், அலமாரி எல்லாம் பிளான் போட்டவர் வரைந்திருக்கிறார். எனக்குப் பார்க்கத் தெரியவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம். போடலாமா?"

போடாதீர்கள். முதலில் ஒன்று கேளுங்கள், அந்தப் பத்தடி சுவருக்கு உள்ளேயா, சுவரின் நடுவிலிருந்து நடுவுக்கா? நடுவுக்கு என்றால், ஒரு பக்கம் 9 அங்குல வெளிச்சுவர், எதிர்ப்பக்கம் 4½ அங்குலச் சுவர், இரண்டிலும் பாதிப் பாதி கழித்து பூச்சையும் கழித்தால் மிஞ்சுவது 9 அடி 4 அங்குலம்தான். கட்டில் தலைமாட்டோடு 7 அடி, எதிரே அலமாரி 2 அடி. நடுவில் 4 அங்குலம். அலமாரிக் கதவை எப்படித் திறப்பீர்கள்? படத்தில் இடம் இருந்ததே என்றால், கம்ப்யூட்டரில் கட்டிலைச் சுருக்க எத்தனை நேரம் ஆகும்! வீட்டுக் கட்டிலை, பீரோவை, ஃபிரிட்ஜை டேப் வைத்து அளந்து, மொட்டைமாடியில் சாக்பீஸால் படுக்கையறை, சமையலறை எல்லாவற்றையும் கோடு போட்டு, சமைப்பவர்களையும் அதில் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். வீட்டு முகப்பைக் காட்டும் கலர் கலரான எலிவேஷன் படத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் மனையின் நாலு மூலையும் செங்கோணமாக இருந்தால்தான். 30-க்கு 40 என்று பத்திரம் சொல்லும், தரை சொல்லாது. மூலைக்கு மூலை டேப் பிடியுங்கள், இரண்டு பக்கமும் 50 அடி வர வேண்டும். ஒன்று 51½, இன்னொன்று 48½ என்றால் மனை கோணல், பிளானும் தப்பு. நாலு பக்கமும் சரியாக இருக்கிறதே என்று மேஸ்திரி சொல்வார், கேட்காதீர்கள், பக்கங்கள் சரியாக இருந்தும் மனை சாய்ந்திருக்கலாம். கட்ட ஆரம்பித்தபின் தெரிந்தால் ஓர் அறை முக்கோணமாக முடியும்.

அப்புறம், "அப்ரூவலுக்கு ஒரு பிளான், கட்ட ஒரு பிளான்" என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2024 முதல் 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்ட, விதிப்படிதான் கட்டுகிறேன் என்று நீங்களே தரும் சுயசான்றிலேயே ஆன்லைனில் அனுமதி வாங்கலாம், ஆனாலும் ஆபீஸில் பேசித் தருகிறேன் என்று பணம் கேட்கும் ஆள் இன்னும் ஒழியவில்லை. சுயசான்று என்றால் பொய்க்குப் பொறுப்பு உங்கள் தலையில், இரண்டு பிளான் போடச் சொன்னவர் தலையில் அல்ல. பேங்க் லோன் ஆளும் அப்ரூவல் பிளானை வைத்துத்தான் தளத்துக்கு வருவார்.